நாலு வெண்டைக்காயில் என்ன சமைப்பது? ஆடி முதல் சித்திரை வரை மாடித் தோட்டமும் அடுப்பும்

ஆவணி மாதத்துக் காலை. வேளச்சேரியிலோ மடிப்பாக்கத்திலோ ஏதோ ஒரு மொட்டைமாடி. ஆடியில் ஆசையாக வாங்கி வைத்த பைகளில் முதல் அறுவடை: நாலு வெண்டைக்காய், ஒரு கத்திரிக்காய், பத்துப் பன்னிரண்டு கொத்தவரங்காய். போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டாயிற்று. ஊரிலிருந்து அத்தை கைதட்டல் அனுப்பிவிட்டார். மாடியிலிருந்து இறங்கி அடுக்களைக்குள் வந்ததும்தான் கேள்வி வருகிறது. "இந்த நாலு வெண்டைக்காயை வச்சு மூணு பேருக்கு என்ன பண்றது?"

பெரும்பாலான வீடுகளில் இதற்கான பதில் ஃபோனில் இருக்கிறது. ஆப்பைத் திறந்து அரை கிலோ வெண்டைக்காய் ஆர்டர் செய்தால் பொரியல் தயார். மாடியில் பறித்தது ஃப்ரிட்ஜுக்குள் போகும். நாளை மூன்று, மறுநாள் இரண்டு என்று சேரும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால் முதலில் பறித்தது சுருங்கி, கடைசியில் பறித்தது முற்றி இருக்கும். இப்படி நாலு வாரம் போனால் மாடிப் படி ஏறுவதே குறைந்துவிடும். சித்திரை வெயிலில் காய்ந்த பைகள் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் அடுக்கப்பட்டுவிடும். கேட்டால், "வெயில் தாங்கல, பூச்சி வந்துடுச்சு" என்பார்கள்.

வெயிலும் பூச்சியும் உண்மைதான். ஆனால் பல தோட்டங்கள் அதற்கு முன்பே, அடுக்களையில் கைவிடப்பட்டுவிடுகின்றன. சந்தையில் அரை கிலோ, ஒரு கிலோ என்று வாங்கிச் சமைத்துப் பழகிய வீட்டுக்குள் தோட்டம் கைப்பிடி கைப்பிடியாகக் கொண்டுவந்து கொட்டுகிறது. இரண்டும் பொருந்தவில்லை. பழைய தமிழ்ச் சமையலில் இதற்கு வழி இருந்தது. அதை மாதவாரியாகப் பார்க்கலாம்.

ஆடி: விதைக்கும் முன் ஒரு கணக்கு

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. ஜூலை நடுவில் தொடங்கும் ஆடியில் கோடையின் உச்சம் தணிந்திருக்கும். மாலை நேரத்தில் அவ்வப்போது இடிமழை எட்டிப் பார்க்கும். இந்தச் சமயத்தில் விதைக்கும் செடி, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேர் பிடித்து, தண்டு தடித்து, மழையைத் தாங்கும் நிலைக்கு வந்துவிடும். சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது என்பதால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் முக்கியமானவை.

வெண்டை, கொத்தவரை, அவரை, பீர்க்கை, புடலை, பாகல் இவற்றை நேரடியாகப் பையிலேயே ஊன்றலாம். கத்திரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டிலோ பழைய டீ கப்பிலோ நாற்றாக வளர்த்து, நாலைந்து வாரம் கழித்து மாற்றி நட வேண்டும். கீரைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. மணலோடு கலந்து தூவிவிட்டால் போதும்.

மாடி தாங்குமா என்ற கேள்வியை விதைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிலை சொல்லும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள ஒரு பை சுமார் 21 லிட்டர் கொள்ளும். அதில் வெறும் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 30 கிலோவைத் தாண்டும். அப்படி ஒன்பது பைகளை ஒரு சதுர மீட்டருக்குள் நெருக்கி வைத்தால் 270 கிலோ ஆகிவிடும். அதனால்தான் மண்ணைக் குறைத்து, தேங்காய் நார்த் தூளும் மக்கிய உரமும் கலக்கிறார்கள். எடை கணிசமாகக் குறையும், ஈரமும் நிற்கும். பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாகவும் உத்தரம் ஓடும் இடங்களிலும், நடக்கவும் தண்ணீர் வடியவும் இடைவெளி விட்டு வைப்பது நல்லது. வாடகை வீடாக இருந்தால் ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது அதைவிட நல்லது. கீழ்வீட்டில் ஓதம் காத்தால் பழி வெண்டைச் செடி மேல்தான் விழும்.

தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை ஆறு பைகள், தென்னை நார்க் கட்டிகள், காய்கறி விதைகள் அடங்கிய மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுத்திருக்கிறது. தொடங்குவதற்கு ஆறு பை போதும். ஆனால் அந்த ஆறிலும் ஆறு வகையா, இரண்டு வகையா என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

வெண்டையையே எடுத்துக்கொள்வோம். விதைத்த 45 முதல் 50 நாளில் முதல் காய் வரும். அதன் பிறகு ஒரு செடி பொதுவாக இரண்டு நாளைக்கு ஒரு காய் என்ற வேகத்தில் கொடுக்கும். மூன்று பேர் சாப்பிடப் பொரியல் செய்ய கால் கிலோ, அதாவது பதினைந்து இருபது காய் வேண்டும். இரண்டு செடி இருந்தால் அந்தக் காய் சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். பத்துச் செடி இருந்தால் மூன்று நாலு நாளில் சேர்ந்துவிடும். எல்லாவற்றிலும் ரெண்டு ரெண்டு என்று நட்டுவிட்டுப் பொரியலுக்குக் காத்திருந்தால் காத்திருப்பு மட்டும்தான் மிச்சம்.

ஆக, வழி இரண்டு. பிடித்த ஒரே காயைப் பத்துச் செடி போடலாம். அல்லது ரெண்டு ரெண்டாகவே போட்டு, அதற்கேற்ற சமையலுக்கு மாறிக்கொள்ளலாம். இடம் குறைவாக உள்ள நகரத்து மாடிகளுக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும்.

ஆவணி, புரட்டாசி: நாலு காய் போதும் என்கிற சமையல்

முதலில் வருவது கீரை. சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் 21 முதல் 25 நாளில் தயார். இவற்றை வேரோடு பிடுங்க வேண்டும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் திரும்பத் துளிர்க்கும் என்பதால் ஒரு பை பல வாரங்களுக்கு வரும். ஒரே நாளில் எல்லாப் பையிலும் தூவிவிடாமல், பத்து நாளைக்கு ஒரு பை என்று தூவினால் வாரா வாரம் கீரை கிடைக்கும்.

பை நிறையத் தெரியும் கீரை வெந்ததும் ஒரு கரண்டியாகச் சுண்டிவிடும். முதல் தடவை கடைந்து பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதைத் தனியாகக் கடையாமல் பாசிப்பருப்போடு சேர்த்துக் கூட்டு வைத்தாலோ, அடை மாவில் நறுக்கிப் போட்டாலோ அதே ஒரு பிடி மூன்று பேருக்குப் பத்தும்.

வெண்டைக்கும் இதே யோசனைதான். பொரியலுக்கு இருபது காய் வேண்டும். மோர்க்குழம்புக்கு நாலு போதும். நாலு காயை நீளமாக நறுக்கி எண்ணெயில் வதக்கி, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், ஊறவைத்த துவரம்பருப்பு அரைத்துக் கலந்த புளித்த மோரில் போட்டு நுரைத்து வரும்போது இறக்கினால் அது முழுக் குழம்பு. அங்கே காயைவிட மோரும் தேங்காயும்தான் வேலை செய்கின்றன. ஒரே ஒரு கத்திரிக்காய் இருந்தாலும் சுட்டு மசித்துத் துவையல் ஆக்கலாம். ரெண்டு இருந்தால் இட்லிக்குக் கொத்சு வைக்கலாம். கொத்தவரங்காய் ஒரு பிடி கிடைத்தால் பருப்பு உசிலி. அரைத்து வேகவைத்த பருப்பு காயின் அளவை இரண்டு மடங்காக்கிக் காட்டும். இவை எல்லாம் நம் வீட்டுப் பாட்டிமார் தினமும் செய்தவை. கொல்லையில் அன்றைக்குக் கிடைத்த அளவே சமையலைத் தீர்மானித்த காலத்து உணவுகள் அவை.

பறிப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. வெண்டைப் பூ மலர்ந்த நாலைந்து நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். ரெண்டு நாள் தள்ளினால் நார் பாய்ந்துவிடும். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் செடி விதை முற்றவைப்பதில் மும்முரமாகி, புதுப் பூ குறையும். வீக் எண்டுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விரல் அளவுக் காயைக்கூட விடாமல் பறித்துவிட்டுப் போவது நல்லது. கழுவாமல், துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலு நாள் தாங்கும். ஈரத்தோடு வைத்தால் வழவழத்துவிடும்.

வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி கூட்டாஞ்சோறு. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் இன்றும் வழக்கத்தில் உள்ளது. அரிசி, துவரம்பருப்பு, கத்திரி, அவரை, கொத்தவரை, வாழைக்காய், ஒரு கை முருங்கைக்கீரை, கொஞ்சம் புளி, தேங்காயும் சீரகமும் மிளகாயும் அரைத்த விழுது எல்லாம் ஒரே பாத்திரத்தில் வேகும். எந்தக் காய் எவ்வளவு என்ற கட்டாயம் கிடையாது. மாடியில் கிடைத்ததைப் பொடியாக நறுக்கிக் குக்கரில் போட்டால் இரவு ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து வந்தவருக்கும் சாப்பாடு ரெடி. தொட்டுக்கொள்ள வடகமோ அப்பளமோ போதும்.

ஐப்பசி: மழையும் மாலை நேரத்துப் பூக்களும்

மழை வந்ததும் முதலில் போவது கீரைதான். அடித்துப் பெய்யும் மழையில் சாய்ந்து, மண் ஒட்டி, இலை அழுகும். வானிலை எச்சரிக்கை வந்த அன்றே இருப்பதை அறுத்துவிடுவது புத்திசாலித்தனம். பைகளின் அடியில் உள்ள துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். வெயிலில் செத்த செடிகளைவிடத் தண்ணீர் தேங்கி வேர் அழுகிச் செத்த செடிகள் மாடிகளில் குறைச்சல் இல்லை.

இந்த நேரத்தில் கொடிகள் பந்தலில் ஏறிப் பூத்திருக்கும். "பூ கொத்துக் கொத்தா வருது, ஒரு காய்கூட நிக்கல" என்ற புலம்பல் தொடங்குவதும் இப்போதுதான். காரணம் எளிது. பீர்க்கை, புடலை, பாகல், சுரை, பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் போல ஒரு புடைப்பு இருக்கும். ஆண் பூவில் வெறும் காம்புதான். பெரும்பாலும் முதலில் சில நாள் ஆண் பூக்கள் மட்டுமே வரும். அவை உதிர்வது இயற்கை. பயப்பட ஒன்றுமில்லை.

பெண் பூக்களும் வந்து, அவையும் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். நாலாவது மாடியில் தேனீ வருவது அரிது. அப்போது நாமே ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தேய்த்துவிட வேண்டும். இங்கே நேரம் முக்கியம். பாகலும் பூசணியும் காலையில் மலர்பவை. ஆபீஸ் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் போதும். பீர்க்கையின் மஞ்சள் பூ சாயங்காலம்தான் விரியும். சுரையின் வெள்ளைப் பூவும் மாலையில் மலரும். புடலையின் நூல் நூலாகத் தொங்கும் வெள்ளைப் பூ இரவில் மலர்வது. காலையில் போய்ப் பார்த்துவிட்டு "பூ வாடிப் போச்சு" என்று திரும்புகிறவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சோடு மேலே போய்ப் பார்த்தால் வேறு தோட்டத்தைப் பார்ப்பார்கள். பகலெல்லாம் வேலையில் இருப்பவர்களுக்குப் பீர்க்கையும் புடலையும் தோதான கொடிகள் என்பது இதனால்தான்.

பீர்க்கங்காய் ஒன்று கிடைத்தாலே இரண்டு பதார்த்தம். சதைப்பகுதி பாசிப்பருப்புக் கூட்டுக்கு. சீவிய தோல் துவையலுக்கு. உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி, கொஞ்சம் தேங்காயோடு எண்ணெயில் சுருள வதக்கி அரைத்தால், தோலைத் தூக்கிப் போட்ட நாட்களை நினைத்து வருத்தமாக இருக்கும். கடையில் வாங்கும் காயின் தோலில் மருந்து இருக்குமோ என்ற தயக்கம் இங்கே இல்லை. மாடித் தோட்டம் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும் இடம் இது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுரைக்காயை நறுக்கியதும் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் வீசிவிட வேண்டும். "மாடியில் வளர்ந்தது, மருந்தே அடிக்கலை" என்பதெல்லாம் இங்கே உதவாது. கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் செடியே தயாரிக்கும் நச்சு. சமைத்தாலும் நம்பக் கூடாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்தவர்களுக்குக் கடுமையான வாந்தி, ரத்தப்போக்கு ஏற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு, கசக்கும் சுரைக்காயை உட்கொள்ளவே வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. உரக் குழியில் தானாக முளைத்த சுரைக் கொடியில் இந்தச் சோதனையை மறக்கவே கூடாது.

தக்காளி ஏன் கைவிடுகிறது?

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. விலை ஏறும்போதெல்லாம் "இனிமே நாமே வளர்த்துக்கலாம்" என்று தக்காளி நாற்று வாங்குகிறவர்கள் கூடுவது வழக்கம். ஆனால் அந்த நாற்றால் அந்த விலையிலிருந்து தப்பிக்க முடியாது.

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும். பூ வரும், பிஞ்சு பிடிக்காமல் உதிரும். கோடை வெயிலில் விவசாயியின் வயலில் பூ உதிர்வது விலை ஏற்றத்துக்கு ஒரு காரணம் என்றால், அதே வெயில்தான் உங்கள் மாடியையும் சுடுகிறது. சிமெண்ட் தரை வாங்கி வைத்த சூட்டை இரவில் வெளியே விடுவதால் மாடி நிலைமை இன்னும் மோசம். வயல் கைவிடும் காலத்தில் மாடியும் கைவிடும். தேமோர்க் கரைசல் தெளித்தாலும் தெர்மாமீட்டரை இறக்க முடியாது.

சமவெளியில் மாடித் தக்காளிக்குச் சரியான காலம் கார்த்திகை முதல் மாசி வரை. புரட்டாசியில் நாற்று விட்டு, மழையின் வேகம் தணிந்ததும் நட்டால் தை, மாசியில் பழம் குவியும். சந்தையிலும் மலிவாக இருக்கும் நேரம் அது. பணக் கணக்குப் பார்த்தால் லாபம் இல்லை. செடியிலேயே பழுத்த நாட்டுத் தக்காளியில் வைத்த ரசத்துக்காக வேண்டுமானால் வளர்க்கலாம்.

மார்கழி, தை: அவரையின் கடிகாரம்

ஆடியில் போட்ட பந்தல் அவரை நாலு மாதமாகக் கொடியும் இலையுமாகவே இருக்கும். உரம் போட்டும் தண்ணீர் ஊற்றியும் ஒரு பூ வராது. "இது மலட்டுக் கொடி" என்று ஐப்பசியில் வெட்டிப் போட்டவர்கள் உண்டு. பாவம், அந்தக் கொடி இரவு நீளக் காத்துக்கொண்டிருந்தது.

பழைய பந்தல் அவரை ரகங்கள் பகல் சுருங்கி இரவு நீளும்போது மட்டுமே பூப்பவை. அதனால் ஆடியில் விதைத்தாலும் புரட்டாசியில் விதைத்தாலும் பூப்பது கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், கார்த்திகைக்கும் தைக்கும் இடையில்தான். முன்னால் விதைத்த கொடி பெரிதாக வளர்ந்திருப்பதால் காய் அதிகம் என்பது மட்டுமே வித்தியாசம். தெருவிளக்கின் வெளிச்சம் நேராக விழும் மூலையில் பந்தல் போட்டால் பூப்பு தள்ளிப்போகலாம். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பருவம் பார்க்காமல் காய்க்கும் செடி அவரை ரகங்கள் உள்ளன. வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டவையும் கிடைக்கின்றன. ருசி பந்தல் அவரைக்குத்தான் என்று அடித்துச் சொல்கிறவர்களோடு வாதாட முடியாது.

தமிழர் பண்டிகைச் சமையல் இந்தக் கடிகாரத்தின்படிதான் ஓடுகிறது. மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு வைக்கும் குழம்பில் ஏழு காய், ஒன்பது காய் என்று வீட்டுக்கு வீடு கணக்கு வேறுபடும். தைப் பொங்கலுக்கு வைக்கும் பல காய்க் குழம்பிலும் அவரை, மொச்சை, பரங்கி, கத்திரி, சர்க்கரைவள்ளி, சேனை, வாழைக்காய் இருக்கும். இது எதுவும் அரை கிலோ கேட்கும் சமையல் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கை. ஆடியில் ரெண்டு ரெண்டாக விதைத்துவிட்டு, "எதுவும் ஒரு பொரியலுக்குத் தேறலையே" என்று அலுத்துக்கொண்டவருக்கு இந்த ஒரு நாள் கணக்கு நேராகிவிடும்.

குழம்பு வைக்கும்போது பார்க்க வேண்டியது வேகும் வரிசை. சேனையும் மொச்சையும் முதலில் போட்டுப் பாதி வேக்காடு வந்ததும் வள்ளிக்கிழங்கு, வாழைக்காய். அடுத்து அவரை. கத்திரியும் பரங்கியும் கடைசி. எல்லாம் வெந்த பிறகே புளி ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் காய் விறைத்து நிற்கும். தனியா, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், தேங்காய் வறுத்து அரைத்த பொடியும் வெந்த துவரம்பருப்பும் சேர்ந்து கொதித்தால் தெருவே மணக்கும். மறுநாள் சுண்டவைத்த குழம்புக்கு ருசி இன்னும் ஒரு படி மேலே.

இதே குளிரில் முள்ளங்கியும் கொத்தமல்லியும் நன்றாக வரும். வெள்ளை முள்ளங்கி 40, 45 நாளில் பிடுங்கலாம். கிழங்கு சாம்பாருக்கு, இலை பொரியலுக்கு. கொத்தமல்லியை மாசிக்குப் பிறகு விதைத்தால் இலை வருவதற்குள் பூத்துவிடும். கேரட்டை மட்டும் ஊட்டிக்கே விட்டுவிடலாம்.

மாசி, பங்குனி: மீதியைக் காயவைக்கும் காலம்

வெயில் ஏறத் தொடங்கும்போது தோட்டம் கடைசி வேகத்தில் காய்க்கும். மிளகாய், கொத்தவரை, மணத்தக்காளி, சுண்டைக்காய் எல்லாம் சாப்பிட்டு மாளாத அளவுக்கு வரும். சரியாக அப்போது வெயிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, காலையில் எடுத்துத் தட்டில் காயவைத்து, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் வற்றும்வரை மூன்று நாலு நாள் இப்படியே. பிறகு கலகலவென்று சத்தம் வரும்வரை உலர்த்தினால் மோர் மிளகாய். மணத்தக்காளிக்கும் சுண்டைக்காய்க்கும் இதே முறைதான். சுண்டைக்காயை மட்டும் முதலில் லேசாகத் தட்டிக்கொள்ள வேண்டும். கொத்தவரங்காயை உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் ஒரு கொதி விட்டு வடித்துக் காயவைத்தால் வற்றல். ஈரம் ஒரு துளி மிஞ்சினாலும் பூசணம் பிடிக்கும் என்பதால் டப்பாவில் போடுவதற்கு முன் இன்னொரு நாள் வெயில் காட்டுவதில் தவறில்லை.

வத்தக்குழம்பு ஏன் இவ்வளவு பிரபலம் என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. சித்திரை, வைகாசியில் கொல்லையில் பச்சைக் காய் அருகிவிடும். புளியும் நல்லெண்ணெயும் டப்பாவில் உள்ள வற்றலும்தான் அந்த இரண்டு மாதத்தை ஓட்டின. இன்று அது ருசிக்காகச் சாப்பிடும் குழம்பு.

விதை எடுப்பதும் இந்த மாதங்களில்தான். நன்றாகக் காய்த்த ஒரு செடியில் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் முற்றவிட வேண்டும். வெண்டையும் அவரையும் செடியிலேயே காய்ந்து சலசலக்கும்போது எடுக்கலாம். கடையில் வாங்கிய விதைப் பாக்கெட்டில் ஹைபிரிட் என்று போட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போலவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நாட்டு விதைதான் இதற்குச் சரி.

சித்திரை: எதை விடுவது, எதைக் காப்பாற்றுவது?

அக்னி நட்சத்திர வெயிலில் எல்லாச் செடியையும் காப்பாற்ற முயல்வது தண்ணீருக்கும் கேடு, மனசுக்கும் கேடு. காய்த்து ஓய்ந்த கத்திரியையும் தக்காளியையும் பிடுங்கிவிடலாம். காப்பாற்ற வேண்டிய பட்டியல் சிறியது: கறிவேப்பிலை, புதினா, மிளகாய், பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, தண்டுக்கீரை. இவற்றை ஒரே மூலையில் கூட்டமாக வைத்து, மேலே பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் தாங்கும். வெண்டையும் கொத்தவரையும் வெயிலுக்கு அஞ்சாதவை. ஆனால் கோடையில் வெள்ளை ஈ பெருகி, வெண்டை இலையில் நரம்பு மஞ்சளிக்கும் வைரஸ் நோயைப் பரப்பும். அது வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டும். ஈயைக் கட்டுப்படுத்த லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம்.

மேலே சொன்ன சிறு பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் ஒன்று தெரியும். கறிவேப்பிலை, புதினா, பச்சை மிளகாய், கீரை. நாம் கட்டாக வாங்கி, பாதியைப் பயன்படுத்தி, மீதியை அழுகவிட்டு எறிவது இவற்றைத்தான். ஒரு ரசத்துக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை வேண்டும். ஒரு சட்னிக்கு நாலு மிளகாய் வேண்டும். மாடித் தோட்டம் அளந்து கொடுப்பதும் அதே அளவுதான். முதல் வருடத்தில் பை, உரம், விதை வாங்கிய செலவைக் காய்கறி விலையில் திரும்ப எடுப்பது கடினம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். நாலைந்து பையோடு தொடங்குகிறவர்கள் கத்திரியையும் தக்காளியையும் விட்டுவிட்டு இவற்றில் தொடங்கினால் ஏமாற்றம் குறைவு. பால்கனியில் நாலு மணி நேர வெயில் மட்டுமே கிடைக்கிறவர்களுக்கும் கீரையும் புதினாவும் வரும். காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும்.

காலியான பைகளைத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் அடுக்குவதற்குப் பதில் மண்ணை ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டி, பழைய வேர்களைப் பொறுக்கிவிட்டு, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயவிடலாம். கூட்டுப்புழுக்களும் நோய்க் கிருமிகளும் பெருமளவு குறையும். ஆனியில் மக்கிய உரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து திரும்ப நிரப்பி, தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் ஆடிக்குள் மண் பதமாகிவிடும். மாசியில் எடுத்த அவரை விதையைச் சாம்பலில் புரட்டி, எடுத்த தேதி எழுதிய காகிதப் பொட்டலத்தில் போட்டு, மோர் மிளகாய் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் தேட வேண்டியிருக்காது.